செடிக்குள்ளே சுமை தூக்குவோர்

மார்கழி பிறந்ததும் புணே வாழ் தமிழ்க் குடும்பங்களில் ஒரு முறையீடு தவறாமல் எழுகிறது. கறிவேப்பிலைச் செடி துளிர்க்கவில்லை என்பதே அது. ஊரிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக் காத்துக் கொணர்ந்த கன்று. ஆடியிலும் ஆவணியிலும் தழைத்து நின்றது. குளிர் வந்தபின் வாடவும் இல்லை, வளரவும் இல்லை. வைத்தது வைத்தபடியே நிற்கிறது.

சென்ற குளிர்காலத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அன்பரின் தாயார் என்னை மாடி முகப்பிற்கு அழைத்துச் சென்று தம் தொட்டியைக் காட்டினார். "தம்பி, இந்த ஊர் நம்மை ஏற்றுக்கொண்டது. நம் செடியைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை" என்றார். திருநெல்வேலியில் தம் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தடியில் முளைத்த கன்று அது என்றும், அந்த வீடு இப்போது கைமாறிவிட்டது என்றும் பிறகு கூறினார். தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், சேறாக இருந்தது. செடி வளரவில்லையே என்ற கவலையால் நாளுக்கு இருமுறை நீர் வார்த்து, கடலைப் பிண்ணாக்கும் இட்டிருந்தார். அன்பினால் செய்த அந்த உபசாரமே செடிக்கு ஆபத்தாகிக்கொண்டிருந்தது.

குற்றம் மண்ணினுடையதா, வளர்ப்பவர் கையினுடையதா என்று அந்த அம்மையார் கேட்டார். விடை கூறவேண்டுமாயின் செடிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிக் கூறவேண்டும். இம்மாதம் அக்கூட்டத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

பாசியில் கண்ட ஓட்டம்

விலங்கு நடமாடும், செடி ஒரே இடத்தில் நிற்கும் என்று நாம் இளமையிலேயே கற்றுக்கொள்கிறோம். வெளித்தோற்றத்திற்கு அது உண்மையே. ஆனால் செடியின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் ஓயாத ஓட்டம் நடைபெறுகிறது. இதனை முதன்முதலில் கண்டறிந்தவர் இத்தாலி நாட்டுப் பாதிரியாரும் பேராசிரியருமான பொனவெந்தூரா கோர்த்தி என்பவர். ஆண்டு 1774. அவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது காரா என்னும் நீர்ப்பாசி.

காராவை நம்மில் பலர் பார்த்திருப்போம், பெயர் அறிந்திருக்கமாட்டோம். ஏரி, குளம், நெல்வயல் ஆகியவற்றின் தெளிந்த நீரில், கணுவுக்குக் கணு வட்டமாகக் கிளைவிட்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் பாசி அது. அதன்மேல் சுண்ணாம்பு படிவதே அந்தச் சொரசொரப்புக்குக் காரணம். அதன் இனங்களுள் ஒன்றுக்கு இலங்கையின் பெயரால் காரா சைலானிகா என்று பெயரிட்டிருக்கின்றனர். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் (1886-1963) சென்னையில் இத்துறையை வளர்த்தார். காரா வகைகளைச் சென்னையில் ஆராய்ந்த வி. எஸ். சுந்தரலிங்கம், பால், குந்து, வெங்கட்ராமன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய விரிவான நூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1962-இல் வெளியிட்டது. ஆகவே இந்தப் பாசி நமக்கு அந்நியமன்று.

காராவின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதிலும் நீண்டு கிடப்பது ஒரே ஓர் உயிரணு. சில இனங்களில் அது 10 செண்டிமீட்டர் நீளமும் இருக்கும். சாதாரணச் செடியின் உயிரணு மில்லிமீட்டரில் சிறு பங்கே இருக்க, இது விரல் நீளத்திற்கு வளர்ந்திருக்கிறது. அந்த உயிரணுவுக்குள் இருக்கும் உயிர்ச்சாறு ஒரு பக்கமாக மேலேறி, மறுபக்கமாகக் கீழிறங்கி, செக்கு மாடு சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் வேகம் நொடிக்கு 50 முதல் 100 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான் உண்டு.

நமக்கு இது ஆமை வேகமாகத் தோன்றலாம். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தப் பத்துச் செண்டிமீட்டர் உயிரணுவின் ஒரு முனையில் தோன்றிய புரதத் துணுக்கு ஒன்று, நீரில் விட்ட சாயம் பரவுவதுபோல் தானாகப் பரவி மறுமுனையை அடைவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கும்! அதற்குள் பாசியே மடிந்துபோகும். உயிர்ச்சாற்றின் ஓட்டத்தோடு சென்றாலோ கால்மணி, அரைமணி நேரத்தில் போய்ச் சேரும். நீண்ட உயிரணு வாழவேண்டுமானால் போக்குவரத்து இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

கம்பியின்மேல் நடப்பவர்

இந்த ஓட்டத்தை நடத்துவது யார் என்ற வினாவுக்கு விடை காண இருநூறு ஆண்டுகள் ஆயின. 1956-இல் ஜப்பானிய அறிஞர்களான காமியா, குரோடா இருவரும், உயிரணுவின் ஓரத்தில் அசையாது நிற்கும் அடுக்குக்கும் ஓடும் சாற்றுக்கும் இடையிலுள்ள எல்லையிலேதான் உந்துவிசை பிறக்கிறது என்று காட்டினர். பின்னர் அந்த எல்லையில் மெல்லிய கம்பிக் கற்றைகள் இருப்பது தெரிந்தது. அவை ஆக்டின் என்னும் புரதத்தால் ஆனவை. நம் கைத்தசையிலும் கால்தசையிலும் இருக்கும் அதே ஆக்டின்தான்!

1983-இல் அமெரிக்காவில் ஷீட்ஸ், ஸ்புடிச் என்ற இருவர் ஓர் அரிய சோதனை செய்தனர். காராவுக்கு உறவான நிட்டெல்லா என்ற பாசியின் உயிரணுவைப் பிளந்து விரித்து, அதன் ஆக்டின் கம்பிகள் வெளியே தெரியுமாறு வைத்தனர். பிறகு, விலங்கின் தசையிலிருந்து எடுத்த மையோசின் என்ற புரதத்தை நுண்மணிகளின்மேல் பூசி, அக்கம்பிகளின்மேல் விட்டனர். மணிகள் கம்பி வழியே ஒரே திசையில் நகர்ந்து சென்றன. பாசி பாதை கொடுத்தது. விலங்கின் புரதம் அதன்மேல் நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985-இல், வேல் என்பவரும் ஷீட்ஸ் முதலியோரும் கணவாய் மீனின் நரம்பிலிருந்து கைனசின் என்ற மற்றொரு நடைப் புரதத்தைக் கண்டனர். அது ஆக்டின் கம்பியை விட்டு, நுண்குழல் என்னும் வேறொரு பாதையின்மேல் நடப்பது.

இவற்றை இயக்கப் புரதங்கள் என்பர். இவற்றின் உருவத்தை மனத்தில் கொள்வது கடினமன்று. புணே மார்க்கெட் யார்டில் விடியற்காலையில் வெங்காய மூட்டைகளையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் முதுகில் ஏற்றிச் செல்லும் ஹமால்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இயக்கப் புரதமும் அத்தகைய ஒரு ஹமாலே. அதன் ஒரு முனையில் கால் போன்ற இரண்டு உறுப்புகள் உள்ளன. மறுமுனை சுமையைப் பற்றிக்கொள்ளும். ஒரு கால் கம்பியைப் பற்றியிருக்க, மற்றக் கால் முன்னே சென்று பற்றும். பின்பு பின்னங்கால் விடுபட்டு முன்னேறும்.

நம் ஹமால்களுக்கு நடக்க உணவு வேண்டும். பாபா ஆடாவ் தொடங்கிய ஹமால் பஞ்சாயத்து 1974-இல் அவர்களுக்காகவே 'கஷ்டாச்சி பாகர்' என்ற மலிவு உணவகத்தை ஏற்படுத்தியது நாம் அறிந்ததே. உயிரணுவின் ஹமாலுக்கோ, அடிக்கு ஒரு கவளம் என்பது கணக்கு. ஏ.டி.பி. என்னும் பொருளின் ஒரு மூலக்கூறு சிதைந்தால் ஓர் அடி எடுத்து வைக்கும். அது கிடைக்காவிடில் கம்பியைப் பற்றியபடியே நின்றுவிடும். கைனசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். புகையிலைச் செடியின் மையோசினை அளந்தபோது அதன் அடி 35 நானோமீட்டர் என்றும், வேகம் நொடிக்கு 7 மைக்ரான் என்றும் தெரிந்தது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 200 அடி! நம் தலைமயிர் ஒன்றின் குறுக்களவைக் கடக்க அது 2000 அடி எடுத்துவைக்க வேண்டும். பத்து நொடியில் கடந்துவிடும்.

காராவின் மையோசின் இவற்றையெல்லாம் விஞ்சியது. 2022-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட அளவின்படி காரா பிரௌனியை என்ற இனத்தின் மையோசின் ஒன்று நொடிக்கு 73 மைக்ரான் வேகத்தில் இயங்குகிறது. அதுவரை அளக்கப்பட்ட மையோசின்களுள் அதுவே மிக விரைவானது. ஓடும் சிறுத்தையின் தசையை விட்டு, குளத்தில் கிடக்கும் பாசியிடம் இப்பெருமை போய்ச் சேர்ந்தது!

சுமையும் வளர்ச்சியும்

சுமை தூக்குவோருக்கும் செடியின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு? செடியின் உயிரணுவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. உள்ளே உள்ள நீரின் அழுத்தம் சுவரை வெளியே தள்ள, சுவர் சற்று இளகி நீள, உயிரணு பெரிதாகிறது. சுவர் நீளும்போது புதிய கட்டடப் பொருளை இடைவிடாது கொண்டுவந்து சேர்க்காவிட்டால் அது மெலிந்து கிழிந்துவிடும். அப்பொருள் சின்னஞ்சிறு பைகளில் அடைக்கப்பட்டு, மையோசினால் சுமந்து செல்லப்பட்டு, வேண்டிய இடத்தில் இறக்கப்படுகிறது. ஆகவே ஹமால் வேலைநிறுத்தம் செய்தால் கட்டடம் எழாது.

இது வெறும் ஊகமன்று. ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பதினொன்றாம் வகை மையோசின்கள் 13 உள்ளன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டோல்யா குழுவினர் அவற்றுள் மூன்று, நான்கு மையோசின்களை ஒருசேர நீக்கிப் பார்த்தனர். 2010-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவின்படி, உயிரணுக்கள் முழு அளவுக்கு நீளவில்லை, செடியே குள்ளமாயிற்று. 2013-இல் ஜப்பானைச் சேர்ந்த தொமினாகா குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அரபிடாப்சிஸ் மையோசின் ஒன்றின் காலை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காராவின் விரைந்த காலைப் பொருத்தினர். செடி வழக்கத்தினும் பெரிதாக வளர்ந்தது. மற்றொரு செடியில் மனிதனுடைய மெதுவான மையோசின் ஒன்றின் காலைப் பொருத்தினர். அச்செடி சிறுத்தது. உள்ளே சுமை செல்லும் வேகம் வெளியே செடியின் உருவத்தை நிர்ணயிக்கிறது என்பது இதனால் ஐயமறப் புலனாயிற்று. அதே விரைந்த மையோசினைக் கேமலினா என்ற எண்ணெய்வித்துச் செடியில் புகுத்தியபோது விதை விளைச்சலும் மிகுந்தது என 2020-இல் அறிவித்தனர்.

நுண்குழலின்மேல் நடக்கும் கைனசினுக்கும் தன் பங்கு உண்டு. விலங்குகளின் உயிரணுவில் டைனீன் என்ற மூன்றாம் வகை ஹமாலும் இருக்கிறது. பூக்கும் செடிகளில் அது இல்லை. எதிர்த்திசைச் சுமையையும் கைனசின் இனத்தவரே ஏற்கின்றனர். மனிதனிடம் கைனசின் மரபணுக்கள் 45 இருக்க, அந்தச் சிறிய அரபிடாப்சிஸ் செடியிடம் 61 இருப்பது வியப்புக்குரியது. நெற்பயிரில் ஒரு கைனசின் பழுதுபட்டால் நேர்வதைச் சீன ஆராய்ச்சியாளர் 2010-இல் காட்டினர். செல்லுலோஸ் இழைகள் உயிரணுச் சுவரில் ஒழுங்காகப் படியவில்லை. பயிர் குட்டையாயிற்று, தாளை வளைத்தால் சட்டென ஒடிந்தது. தஞ்சை வயல்களில் காற்றுக்கு வளைந்தும் முறியாமல் நிற்கும் நெற்பயிரைக் கண்டவர்கள், அதன் உறுதிக்கு இந்தச் சிறு புரதமும் ஒரு காரணம் என்பதை நினைவிற் கொள்க.

மற்றோர் எடுத்துக்காட்டும் கூறலாம். மழைக்காலத்தில் சிங்ககட் மலையேறி, கரியில் சுட்ட மக்காச்சோளக் கதிரை எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து உண்ணாத புணேவாசி உண்டோ? கதிரின் உச்சியில் தொங்கும் பட்டுநூற் குஞ்சத்தை உரித்து எறிந்துவிடுகிறோம். அதன் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணியோடு தொடர்புடையது. நூலின் வெளிமுனையில் விழுந்த மகரந்தத்துகள் ஒன்று முளைத்து, நுண்ணிய குழலாக நீண்டு, அந்நூலினூடே இருபது செண்டிமீட்டருக்கு மேலும் பயணம் செய்து, சூலை அடைந்தால்தான் அங்கே ஒரு மணி பிடிக்கும். குழலின் நுனி முன்னேற முன்னேற, சுவர்ப்பொருளை நுனிக்குக் கொண்டு சேர்ப்பது மையோசின். ஒரு நாள் அளவில் இப்பயணம் முடிந்துவிடுகிறது. கதிரில் மணி பிடிக்காத பொக்கை இடங்களைக் காண்கிறோமே, அங்கே இந்தப் பயணம் நிறைவேறவில்லை என்பது பெரும்பாலும் பொருள்.

இத்துறையில் நம் அண்டையிலும் ஆராய்ச்சி நடைபெறுகிறது. மும்பையில் ரூப் மல்லிக் இயக்கப் புரதங்களைப் பற்றிச் செய்த ஆய்வுக்காக 2018-இல் இன்போசிஸ் பரிசு பெற்றார். நம் புணேயின் பாஷாண் பகுதியில், 2006-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் இவற்றின் கூட்டு நடையை ஆராய்கின்றனர். அவ்வாய்வுகள் பெரும்பாலும் விலங்கு, ஈஸ்ட் ஆகியவற்றின் புரதங்களைப் பற்றியவை.

குளிரில் நின்ற கால்கள்

இப்போது அந்த அம்மையாரின் தொட்டிக்குத் திரும்புவோம். காமியாவின் ஆய்வு வெளிவந்த அதே 1956-இல், லூயிஸ் என்ற அறிஞர் செடிகளின் இலைக்காம்பிலுள்ள மயிர்களைக் குளிரவைத்து, உயிர்ச்சாற்றின் ஓட்டத்தைக் கவனித்தார். தக்காளி, தர்ப்பூசணி, புகையிலை போன்ற வெப்பநாட்டுச் செடிகளில், வெப்பநிலை 10 பாகை செண்டிகிரேடுக்கு இறங்கியதும் ஓரிரு நிமிடங்களில் ஓட்டம் நின்றது. அல்லது இருப்பதே தெரியாத அளவுக்குக் குன்றியது. முள்ளங்கியிலும் கேரட்டிலுமோ உறைநிலையை நெருங்கும்வரை ஓட்டம் தொடர்ந்தது.

புணேயில் மார்கழி, தை மாத இரவுகளில் 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்குவது அரிதன்று. அப்போது மண்டியில் முள்ளங்கியும் கேரட்டும் குவிகின்றன. வெப்பநாட்டுச் செடியான கறிவேப்பிலை உறங்கிக் கிடக்கிறது. குளிரில் நடைப்புரதத்தின் அடி தளர்கிறது, ஏ.டி.பி.யை ஆக்கும் வேலையும் தளர்கிறது, மென்சவ்வுகள் இறுகுகின்றன. வளர்ச்சி நிற்பதற்கு இவை யாவும் சேர்ந்தே காரணம். சுமை தூக்குவோர் மட்டுமே பொறுப்பாளிகள் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் சுமை வந்து சேராத இடத்தில் தளிர் தோன்றாது என்பது உறுதி.

இதனை அந்த அம்மையாரிடம் எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "ஊரில் வருடம் முழுவதும் துளிர்த்ததே!" என்றார். ஊரில் குளிர் இல்லை என்றேன். அப்போது அவருடைய மருமகள், "அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்தின் கடிபத்தாச் செடியும் இப்படித்தான் நிற்கிறது, அத்தை" என்றார். மூவரும் எட்டிப் பார்த்தோம். தலைமுறை தலைமுறையாகப் புணேயிலேயே வாழும் அக்குடும்பத்தாரின் செடியிலும் ஒரு தளிர் இல்லை. அம்மையார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்படியானால் நம் செடி மட்டும் இல்லை" என்று சொல்லி, கையில் இருந்த நீர்க்குவளையைக் கீழே வைத்தார்.

உங்கள் இல்லத்துச் செடிக்கும் அதுவே மருந்து. குளிர்காலத்தில் வேர் சிறிதளவே நீர் உறிஞ்சும். தேங்கிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றி வேரை அழுகச் செய்யும். ஆகவே மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்தபின் மட்டுமே நீர் ஊற்றுக. அதையும் காலை வெயில் ஏறியபின் ஊற்றுக. உரம் எதுவும் வேண்டா; சுமப்பவர் நடக்க இயலாதபோது கிடங்கில் மூட்டையை அடுக்கிப் பயன் என்ன? தொட்டியைத் தெற்கு நோக்கிய சுவரோரம் நகர்த்தி வைத்தால், பகலில் வெயில் பெறும். இரவில் சுவரின் வெப்பம் சிறிது காக்கும். மாசி பிறந்து குளிர் நீங்கியபின் நுனிகளைக் கிள்ளிவிட்டு, அப்போது பிண்ணாக்கை இடுக.

வீட்டில் உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ உயிரியல் பயிலும் பிள்ளைகள் இருந்தால், அவர்களை ஒரு சோதனை செய்துபார்க்கச் சொல்லுங்கள். மீன்தொட்டிக் கடைகளில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கிடைக்கும். அதன் இளம் இலை ஒன்றைப் பள்ளி நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளி நீரில் வைத்து, நடுநரம்பை ஒட்டிய உயிரணுக்களைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். சிறிது நேரத்தில் பச்சைமணி போன்ற பசுங்கணிகங்கள் சுவரோரமாகச் சுற்றிவருவது தெரியும். பிறகு பனிக்கட்டி இட்ட நீரில் குளிர்வித்த இலையைப் பார்த்து ஒப்பிட்டால், இக்கட்டுரையில் எழுதியதைத் தம் கண்ணாலேயே காண்பர்.

அந்த அம்மையாரின் செடி பங்குனி முதல் வாரத்தில் துளிர்த்தது. செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர், அடுத்த வீட்டுக் கடிபத்தா நான்கு நாள் முன்னதாகவே துளிர்த்துவிட்டது என்பதையும் சற்றுக் குறையோடு தெரிவித்தார். அவர்கள் தொட்டி தெற்குப் பார்த்தது என்று சமாதானம் கூறினேன்.